"டேட்டா பேக்கப் எடுத்துட்டோம்" என்று சொல்லும் கடைகளிடம் உஷார்

ஆல்பம் டிசைன், வீடியோ எடிட்டிங் என்று லேப்டாப்பை நம்பிப் பிழைக்கும் வடசென்னை ஆட்கள், அதை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

லேப்டாப் ரொம்ப மெதுவாகிவிட்டது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு, அதைவிட வேகமான எஸ்எஸ்டி போட, பெரம்பூர் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். டி டிரைவில் இருக்கும் கல்யாண ஆல்பம் பிஎஸ்டி (போட்டோஷாப் டிசைன் ஃபைல்) எல்லாம் அப்படியே வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அதற்கென்று பில்லில் 'டேட்டா பேக்கப்' என்று தனியாக 1,500 ரூபாய் போட்டார்கள். திரும்ப வாங்கும்போது கடைக்காரர் ஃபோல்டரைத் திறந்து காட்டினார். பெயர்கள் வரிசையாக இருந்தன, முதல் ஆல்பத்தில் ஒரு ஷீட்டும் (ஆல்பப் பக்கம்) திறந்தது. "கிளவுட்ல போட்டாச்சுண்ணா, இனிமே ஆயுசுக்கும் சேஃப்."

தண்டையார்பேட்டைக்கு வந்து அடுத்தடுத்த ஆல்பங்களைத் திறந்தால் பெரும்பாலும் காலி. மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் செட்டிங்ஸில் போய்ப் பார்த்தால், உள்ளே இருப்பது கடையின் மெயில் ஐடி! இலவசக் கணக்கு, மொத்தமே 5 ஜிபி. என் ஷீட் ஒன்றே 400, 500 எம்பி வரும். அதில் எத்தனை ஆல்பம் கொள்ளும்? போதாக்குறைக்கு யாரோ ஒருவரின் ஆதார் நகல், வேறொருவரின் வீட்டுப் பத்திர ஸ்கேன் எல்லாம் அதே கணக்கில். அப்படியென்றால் என் கஸ்டமர்களின் படங்களை யார் யார் பார்த்தார்களோ.

ஏறியிருந்த கொஞ்சநஞ்சமும் சில நாளில் மறைந்துவிட்டது. கேட்டதற்கு, "அடுத்த கஸ்டமருக்கு இடம் வேணும்லண்ணா, அதான் கிளீன் பண்ணேன்" என்றார். சிங்க் ஆகும் ஃபோல்டர் அப்படித்தான்: ஒரு பக்கம் அழித்தால் மறுபக்கமும் அழியும். அதைப் பேக்கப் என்று சொல்லிக் காசு வாங்கியதுதான் மோசடி. ரீசைக்கிள் பின்னில் 30 நாள் வரை இருக்குமே என்றேன். அதையும் காலி செய்துவிட்டாராம். சரி, என் பழைய டிஸ்க்கையாவது கொடுங்கள் என்றால், "அது அன்னிக்கே ரிச்சி ஸ்ட்ரீட் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட்டுக்குப் போயிடுச்சேண்ணா!" என் டிஸ்க்கை விற்க இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

நல்லவேளை, கேமராவில் எடுத்த ஒரிஜினல் படங்கள் போட்டோகிராபரிடம் இருந்தன. ஆனால் டிசைன் போனது போனதுதான். காசிமேட்டுக் கல்யாண ஆல்பத்தை முதல் ஷீட்டிலிருந்து திரும்பப் போட்டுக்கொண்டிருக்கிறேன். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பிய ஜேபெக் அளவு குறைந்துவிடும், அச்சுக்கு ஆகாது.

இப்போது வேலை நடக்கும் ஃபைல் லேப்டாப்பிலேயே, முடிந்ததும் ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்க்கில். ஆல்பம் அச்சடிக்கும் லேப்புக்கு அனுப்பும் ஜேபெக் மட்டும் கிளவுடில், அதுவும் என் கணக்கில்.

கடையில் லேப்டாப்பை வாங்கும்போது ஃபோல்டர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸைப் பாருங்கள். 'சைஸ் ஆன் டிஸ்க்' 0 என்று காட்டினால் உங்கள் மெஷினில் இருப்பது பெயர் மட்டும். பழைய டிஸ்க்கைக் கையில் வாங்காமல் கிளம்பாதீர்கள். பில்லை வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

உங்கள் மெஷினிலும் வேறு யாருடைய மெயில் ஐடியாவது ஒன்டிரைவில் இருந்தால் அவசரப்பட்டு அன்லிங்க் செய்துவிடாதீர்கள் (அந்தக் கணக்கைத் துண்டிப்பது). மேகக் குறி உள்ள, அதாவது கிளவுடில் மட்டும் இருக்கும் ஃபைல்கள் அப்புறம் திறக்காது. முதலில் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்குக்கு காப்பி செய்து, நெட்டை அணைத்துவிட்டுத் திறந்து பாருங்கள். அதற்குப் பிறகு அன்லிங்க் செய்யலாம்.