பந்தியாய் ஸ்ரேயா, அங்கோர் வாட்டா?

கம்போடியாவின் சியெம் ரீப்புக்குச் சிற்பம் பார்க்கவே போகிறீர்கள், நேரமோ குறைவு என்றால் எதற்கு முதலிடம்? ஊரே அங்கோர் வாட் என்று சொல்லும். என் ஓட்டு பந்தியாய் ஸ்ரே என்ற சிறிய கோயிலுக்கு.

அளவில் போட்டியே இல்லை. 12ஆம் நூற்றாண்டில் கெமர் மன்னன் இரண்டாம் சூரியவர்மன் எழுப்பிய அங்கோர் வாட்டில் பாற்கடல் கடையும் காட்சி மட்டுமே ஏறக்குறைய 49 மீட்டர் நீளம். 967இல் குடமுழுக்குக் கண்ட பந்தியாய் ஸ்ரேயின் நடுக்கோபுரம் 10 மீட்டரைக்கூட எட்டாது. அதைக் கட்டியது அரசனும் அல்ல, அரசவையில் இருந்த யக்ஞவராகர்.

உளி வேலை என்று வந்தால் கதை மாறுகிறது. அங்கோர் வாட்டின் சுவர்ச் சிற்பங்கள் ஆழம் குறைந்தவை. குருக்ஷேத்திரப் படைகளின் நெரிசலைக் காட்ட அதுவே பொருத்தம், நடந்துகொண்டே போரைப் பார்க்கலாம். பந்தியாய் ஸ்ரேயிலோ இளஞ்சிவப்பு மணற்கல்லை மரம்போல் குடைந்திருக்கிறார்கள். ராவணன் கைலாயத்தை அசைக்கிறான். அடுக்கடுக்காக விலங்குகளும் முனிவர்களும் மிரள்கிறார்கள். உச்சியில் பார்வதி சிவனைப் பற்றிக்கொள்கிறாள். அந்தப் பதற்றம் முழுவதும் ஒரே முக்கோண முகப்புக்குள் அடங்கிவிடுகிறது. காண்டவ வனக் காட்சியில் இந்திரன் பொழியும் மழையைச் சாய்கோடுகளாகவே செதுக்கியிருக்கிறார்கள். நாம் தேடிப் பார்க்க வேண்டியது இன்னொன்று: ஆடும் சிவனின் காலடியில் வற்றிய உடலோடு அமர்ந்திருக்கும் பெண். காரைக்கால் அம்மையார் என்றே ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

குறைகளும் உண்டு. அங்கோர் வாட்டிலிருந்து வடகிழக்கே 25 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். டுக்டுக்காரர் கூடுதலாகக் கேட்பார், நியாயம்தான். கருவறைப் பகுதியைக் கயிறு கட்டித் தடுத்திருப்பதால் எட்ட நின்றே பார்க்க முடியும். அசுரச் சகோதரர்கள் சுந்தன், உபசுந்தன் சண்டையிடும் முகப்பு பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பீமன், துரியோதனன் மோதும் முகப்பு தலைநகர் புனோம் பென் அருங்காட்சியகத்தில்.

அங்கோர் டிக்கெட் இரண்டுக்கும் செல்லும். பந்தியாய் ஸ்ரே கிழக்கு நோக்கியது, காலை வெயிலில் கல் சிவக்கும். அங்கோர் வாட் மேற்கு நோக்கியது. குருக்ஷேத்திரமும் இலங்கைப் போரும் மேற்குச் சுவரில்தான், மாலை வெளிச்சம் அங்கே விழும். ஆகவே காலையில் சிறியதை முடித்துவிட்டுப் பெரியதற்குத் திரும்புங்கள். சந்தையும் சேவல் சண்டையும் செதுக்கிய பேயோன் கோயிலை மறுநாளுக்கு விட்டுவிடலாம்.