சிறிய ரிவால்வரில் சுண்டுவிரலுக்கு இடமில்லை

காங்கேயம் பக்கம் தோட்டத்திலேயே குடியிருக்கும் மாப்பிள்ளை ஒருவருக்குக் கைத்துப்பாக்கி உரிமம் வந்திருக்கிறது. “பெருசு வாங்கறதுங்களா மாமா, சிறுசுங்களா?” என்று கேட்டார். இரண்டையும் பல ஆண்டுகளாகப் புழங்குபவன் என்ற முறையில் என் அனுபவத்தை எழுதுகிறேன். பெரியது, அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருந்து, வாரிசு முறையில் என் பெயருக்கு மாறிய நாலங்குலக் குழல் ரிவால்வர். சிறியது, பிறகு நானே வாங்கிய குட்டைக் குழல் ரிவால்வர். இரண்டும் .32 அங்குலத் தோட்டாவைச் சுடுபவை. 9 மி.மீ. போன்றவை நம்மைப் போன்ற உரிமதாரர்களுக்குத் தடைசெய்யப்பட்டவை என்பதால், தோட்டாவைப் பற்றி யோசிக்க வேலையில்லை. துப்பாக்கியின் அளவு ஒன்றே கேள்வி.

சிறியதைக் கையில் பற்றினால் நடுவிரலும் மோதிரவிரலும் பிடியில் அமர்ந்துவிடும். சுண்டுவிரல் மட்டும் பிடியின் அடியைத் தாண்டி, பற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் மடங்கி நிற்கும். கடையில் எடுத்துப் பார்க்கும்போது இது ஒரு குறையாகவே தோன்றாது. சுடுதளத்துக்குப் போனால்தான் தெரியும். தோட்டாவைத் தட்டும் சுத்தியலை முன்கூட்டியே பின்னுக்கு இழுத்து வைக்காமல், விசையை (டிரிக்கரை) மட்டும் அழுத்திச் சுடுவதற்கு இத்தகைய ரிவால்வர்களில் ஏறத்தாழ ஐந்து கிலோ இழுவை தேவைப்படும். துப்பாக்கியின் எடையோ முக்கால் கிலோவைக்கூடத் தொடாது. அப்படி இழுபடும் ஒரு பொருளை அசையாமல் நிறுத்தும் பொறுப்பு கீழ்விரல்களுடையது. அவற்றில் ஒன்றுக்கு இடமே தராததால், விசை முழுவதும் பின்னுக்கு வருவதற்குள் குழல் முனை கீழே சாய்ந்துவிடுகிறது. சுட்டபின் வரும் உதைப்பும், எடை குறைவு என்பதால், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட சதையில் சுள்ளென்று இறங்குகிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தச் சுண்டுவிரல் எனக்குப் பழகவில்லை.

அதே தளத்தில் பெரியதை எடுத்தால் கை அமைதியாகிவிடும். நான்கு விரல்களும் பிடியில் பதிகின்றன. குழலின் எடை முன்பக்கம் இருப்பதால் முனை துள்ளுவதில்லை. குறிபார்க்கக் குழலின் மேல் இருக்கும் முன் குறிக்கும் பின் குறிக்கும் இடையிலுள்ள தூரம்தான் பெரியதன் உண்மையான பலம். அந்தத் தூரம் 100 மி.மீ. ஆக இருக்கும் துப்பாக்கியில் குறி ஒரே ஒரு மி.மீ. விலகினால், பத்து மீட்டர் தொலைவில் தோட்டா 10 செ.மீ. தள்ளிப் போகும், 150 மி.மீ. இருந்தால் அதே பிழை ஏழு செ.மீ.க்குள் அடங்கும். வயது ஏறி, கண்ணும் கையும் முன்போல் இல்லாத எனக்கு அந்த மூன்று செ.மீ. பெரிய ஆறுதல்.

சிறியதன் குறையைத் தீர்க்கலாம் என்று கோவையில் ஒரு கடையில் கொடுத்து, சுண்டுவிரலுக்கும் இடம் வரும்படி மரத்தில் நீளமான பிடி போட்டு வாங்கினேன். பிடித்துப் பார்த்தால் அருமையாக இருந்தது. ஆனால் தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டரைப் பக்கவாட்டில் திறந்து, சுட்டு முடிந்த வெற்றுத் தோட்டாக்களை வெளியே தள்ளினால், பிடியை ஒட்டி வரும் தோட்டாவின் விளிம்பு பிடியின் இடப்பக்க மேல்தோளில் இடித்து அங்கேயே நின்றுவிடுகிறது. நகத்தால் நெம்பித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. நெல் மணி அளவுக்கு மரத்தைக் குடைந்திருந்தால் போதும். ஒருமுறைகூடத் திறந்து தள்ளிப் பார்க்காமல் கூலியை வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார்கள். துப்பாக்கி வேலை செய்கிறவர்களுக்கு இந்த அலட்சியம் ஆகவே ஆகாது.

சிறியதன் நியாயத்தையும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கீழ்பவானிப் பாசனம். தண்ணீர் முறை இரவில் வந்தால் தனியாகப் போய்த்தான் மடை திருப்ப வேண்டும். 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைகவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் மூவர் கொல்லப்பட்ட பிறகு, எங்கள் பக்கத்தில் இருட்டில் வெளியே இறங்குவதென்றால் எவருக்கும் ஒரு யோசனை வருகிறது. வேட்டிக்கு மேல் கட்டும் அகலப் பச்சை பெல்ட்டில் சிறியதைக் கோத்துக்கொண்டால் இருப்பதே தெரியாது, சட்டை மறைத்துவிடும். பெரியதைக் கோத்தால் வேட்டி ஒருபக்கமாக இழுபடும், மொபெட்டில் உட்கார்ந்தால் குழல் தொடையில் குத்தும், வரப்பில் குனிந்தால் எல்லாருக்கும் தெரியும். எனவே பெரியது பெரும்பாலும் இரும்புப் பெட்டியிலேயே இருக்கிறது, என்னோடு வருவது சிறியதுதான்.

உடம்போடு ஒட்டியிருப்பதால் வியர்வை சிறியதைத் தின்கிறது. சிலிண்டரின் பக்கவாட்டில் பூச்சு ஏற்கெனவே வெளுத்துவிட்டது. இரண்டுக்கும் பொதுவான ஒன்று: தோல் உறைக்குள் வைத்தபடியே மாதக்கணக்கில் பூட்டி வைக்கக் கூடாது, தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். 2024 மக்களவைத் தேர்தலின்போது நடத்தை விதிகள் மார்ச் 16 முதல் ஜூன் 6 வரை இருந்தன. அந்தக் காலத்தில் காவல் நிலையத்தில் ஒப்படைத்தபோது, எண்ணெய் தடவி, உறையில்லாமல் துணியில் சுற்றிக் கொடுத்தேன். இரண்டும் துரு இல்லாமல் திரும்பி வந்தன.

எது வாங்குவது என்றால், என் இடுப்பில் இருப்பது சிறியதாகவே இருந்தாலும், பெரியதை வாங்குங்கள் என்றே சொல்கிறேன். சிறியது கையை வலிக்கச் செய்வதால் பயிற்சிக்குப் போவதே குறைந்துபோகிறது. பயிற்சியில்லாத கையில் எந்தத் துப்பாக்கியும் வீட்டாருக்கே ஆபத்து. 2025 செப்டம்பர் 22 முதல் ரிவால்வருக்கான ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 40 ஆகிவிட்டது. அவ்வளவு பணம் கொடுத்துவிட்டு ஒரு விரலைத் தொங்கவிட வேண்டியதில்லை.

ஆனால் என் சிறியதை விற்க எனக்கு மனமில்லை. 2019 திருத்தச் சட்டப்படி ஒருவர் இரண்டு துப்பாக்கிகள் வைத்துக்கொள்ளலாம் என்பதால், உரிமம் புதுப்பிக்கும்போது இரண்டையும் சேர்த்தே புதுப்பிப்பேன். பிடியின் தோளை மட்டும் ஊரில் தெரிந்த ஆசாரியிடம் கொடுத்து, பக்கத்திலேயே உட்கார்ந்து குடைந்து வாங்கப் போகிறேன். துப்பாக்கியை அல்ல, கழற்றிய மரப்பிடியையும் ஒரு வெற்றுத் தோட்டாவையும் மட்டும் எடுத்துப் போனால் போதும்.