எட்டு வருடமாக உடுத்தும் ஜெர்மன் ராணுவச் சட்டை

2017இல் ஜெர்மனியிலிருந்து வந்த அத்தை மகன், அந்நாட்டு ராணுவம் கழித்துவிட்ட ‘ஃப்ளெக்டார்ன்’ என்ற, புதரோடு கலந்து ஆளை மறைக்கும் புள்ளி போட்ட சட்டை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தான். மன்னார்குடியிலிருந்து வடுவூர் ஏரிக்குப் பறவை பார்க்கப் போகும்போதெல்லாம் அதைத்தான் போடுகிறேன். கடைத்தெருவில் போடுவதில்லை; ஏரிக்கரையில்தான் மாற்றிக்கொள்வேன்.

வெளிர்பச்சை, நடுப்பச்சை, கரும்பச்சை, பழுப்பு, கறுப்பு என ஐந்து நிறப் புள்ளிகள் ஒன்றுக்குள் ஒன்று சிதறிக் கிடக்கும். ஒரு நிறம் எங்கே முடிகிறது என்று கண்ணுக்குப் பிடிபடாது. தோளின் கோடு, கையின் கோடு எல்லாம் உடைந்துபோகும். கார்த்திகை, மார்கழியில் நெய்வேலிக் காட்டாமணக்குப் புதரை ஒட்டி உட்கார்ந்தால் நத்தைகுத்தி நாரை தன் பாட்டுக்கு மேயும். கையை ஆட்டினால் போச்சு, எந்தச் சட்டையும் காப்பாற்றாது. சம்பா அறுவடை முடிந்து வெறும் தாள் நிற்கும் வயலிலோ, கோடியக்கரை உப்பளத்திலோ இது கரும்பொட்டாகத் தெரியும். அங்கே இதைப் போடாதீர்கள்.

பெரிய பாடம் துவைப்பதில்தான். முதல் வருடம் வழக்கமான சலவைத் தூளில் ஊறப்போட்டேன். வெண்மை கூட்ட அதில் சேர்க்கும் பொருள், புற ஊதா ஒளியை வாங்கி நீல ஒளியாக வெளிவிடும். பறவைகள் பலவற்றுக்குப் புற ஊதாவும் தெரியும் என்பதால் எனக்குச் சந்தேகம் வந்தது. மளிகைக்கடையில் கள்ள நோட்டுப் பார்க்கும் விளக்கைப் பிடித்தால் சட்டை முழுக்க நீலமாக ஒளிர்ந்தது! அன்றிலிருந்து பூந்திக்கொட்டைதான். கஞ்சியும் கிடையாது. பல முறை அலசியும் ஒளிர்வு கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

துணி கெட்டி. நம் ஊர்ப் புழுக்கத்தில் காலை ஒன்பதுக்கு மேல் தாங்காது. நிறம் மட்டும் இன்னும் பெரிதாக மங்கவில்லை.

போன வருடம் முழங்கை கிழிந்து, தையற்கடையில் பச்சைத் துணி ஒட்டுப் போட்டு வாங்கினேன். பகலில் கச்சிதமாக இருந்தது. அப்புறம் ஒருநாள் இரவு, மாட்டுக்கொட்டகை கேமராவில் பார்த்தால் ஒட்டு மட்டும் வெள்ளையாகத் துருத்தி நின்றது. இருட்டில் அந்தக் கேமரா அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. பச்சை இலை அந்த ஒளியை நிறையத் திருப்பி அனுப்பும். ராணுவச் சாயத்தை இலையோடு ஒத்துப்போகும்படி தேர்ந்தெடுக்கிறார்கள். கடைத் துணிக்கு அந்தக் கணக்கு இல்லை; அது அளவு மீறித் திருப்பி அனுப்பிவிட்டது. ஒட்டைப் பிரித்து, சட்டையின் உள்மடிப்பிலிருந்தே துண்டு வெட்டித் தைக்கச் சொன்னேன்.