நடைப்பயணத்துக்கு நிறுத்துத் தரும் கோப்பித்தூள்: வாங்க முன் சோதியுங்கள்

வவுனியா, மாங்குளம், முல்லைத்தீவுப் பக்கங்களில் பை சுமந்து நடக்கும் குழுக்களுக்கு இந்த எச்சரிக்கை. ஏ9 வீதியோரக் கடையொன்றில் 'கலப்பில்லாத கோப்பி' என்று சொல்லி எங்கள் குழுவுக்கு நிறுத்துத் தந்த தூளில் வறுத்த தானியம் கலந்திருந்தது. முதல் கேத்திலிலேயே தண்ணீர் கஞ்சியாய்த் தடித்தது. வடிதுணி அடைத்துக்கொண்டது, அடியும் பிடித்தது. திருப்பிக் கொண்டுபோனபோது, "உடைச்ச பை எடுக்கமாட்டம், பில்லும் இல்லையே" என்று கையை விரித்துவிட்டார்கள்.

கோப்பிக்கொட்டையில் மாச்சத்து மிகமிகக் குறைவு. அரிசி, சோளம், கடலை எல்லாம் மாப்பொருள். கொதிநீர் பட்டதும் ஊதித் தடிக்கும். ஆகவே ஒரு மேசைக்கரண்டித் தூளை ஒரு கோப்பைத் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆறவிடுங்கள். கோப்பி என்றால் மண்டி அடியில் தங்கி, மேலே தெளியும். தெளியாமல் கொழகொழவென்று நின்றால் தானியக் கலப்பு. சிக்கரிக்கு (கோப்பியில் கலக்கும் வறுத்த வேர்த்தூள்) வேறு சோதனை: குளிர்ந்த தண்ணீரில் ஒரு சிட்டிகை தூவுங்கள். கோப்பித்தூள் எண்ணெய்ப்பற்றால் சற்று நேரம் மிதக்கும். சிக்கரி சில நொடிகளில் கபில நிறக் கோடு இழுத்தபடி இறங்கும். முதல் சில நொடிகளை மட்டும் பாருங்கள், மாவாக அரைத்த நல்ல கோப்பியும் பிறகு தாழும். மல்லியோ வேர்க்கொம்போ சேர்த்திருப்பதாகச் சொல்லி விற்றால் அதில் பிழையில்லை. சொல்லாமல் சேர்ப்பதுதான் களவு.

விலையும் காட்டிக்கொடுக்கும். ஒரு கிலோ பச்சைக் கொட்டையை வறுத்தால் 800 முதல் 850 கிராம்தான் மிஞ்சும். பச்சைக் கொட்டையின் விலைக்கே தூளும் கிடைக்கிறது என்றால், குறைந்த நிறையை வேறு எதுவோ ஈடுசெய்கிறது.

எனவே வறுத்த கொட்டையாக வாங்கி, மில்லில் பக்கத்தில் நின்றே அரைப்பியுங்கள். கொடுத்துவிட்டுப் போய்ப் பின்னேரம் வந்து எடுத்தால், போனது எது வந்தது எது என்று தெரியாது. மிளகாய் அரைத்த கையோடு உங்கள் கோப்பியைப் போடவும் விடாதீர்கள். அந்த உறைப்பு எத்தனை சீனி போட்டாலும் போகாது. அரைத்த தூள் சூடாறிய பிறகே பையில் கட்டவேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துக் கட்டிபடும்.

அளவு: 12 பேர், மூன்று நாள், காலையும் மாலையும். ஒரு வேளைக்கு 2 லீற்றர் தண்ணீருக்கு 90 கிராம் தூள். மண்டி குடிக்கும் தண்ணீர் போக ஆளுக்கு ஏறத்தாழ 150 மில்லிலீற்றர் வரும். 90 கிராமாக ஆறு பொட்டலம், கைக்காவலாக 60 கிராம், மொத்தம் 600. வெறுங்கோப்பிக்குச் சீனி 600 கிராம் போதும். பால்மா விரும்புவோர் தங்களுக்குத் தாங்களே கொண்டுவரட்டும். ஆறையும் ஒரே பையில் வைக்கவேண்டாம். மாரியில் ஒரு பை நனைந்தால் எல்லாம் போய்விடும். நான்கு பேரிடம் பிரித்துக் கொடுத்து, பொட்டலத்தின் மேல் வேளையை எழுதிவிடுங்கள்.

குளத்துத் தண்ணீரைத் தெளியவிட்டு, துணியால் வடித்து, நன்றாகத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவையுங்கள். இறக்கிய பிறகே தூளைப் போட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் மூடிவையுங்கள். அடுப்பில் வைத்தே போட்டால் பொங்கிவழியும், கசக்கும். ஒரு கை குளிர்ந்த, கொதித்தாறிய தண்ணீர் தெளித்தால் மண்டி அடியில் போகும். வன்னிக் கிணறுகள் பலவற்றின் தண்ணீர் கடினமானது. அதில் நல்ல கோப்பியும் சப்பென்றிருக்கும். தூளைக் குறைசொல்ல முன் தண்ணீரை மாற்றிப் பாருங்கள்.

ஏமாந்துவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிடாதீர்கள். பையோடு கட்டிவைத்து, அந்தப் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முறையிடுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின்படி கடையில் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வுக்கு அனுப்ப அவருக்கு அதிகாரம் உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கும் அழைக்கலாம். இரண்டுக்கும் பற்றுச்சீட்டு இருந்தால் வலு. கடைப் பெயர், திகதி, நிறை மூன்றும் அதில் இருக்கிறதா என்று காசு கொடுக்கும்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.