ஆய்வுத் தரவுக்கு எது: பிஎஸ்பிபியா, ஜமோவியா, ஆரா?

வந்தாறுமூலை, ஒலுவில் பல்கலைக்கழகங்களில் இறுதியாண்டு ஆய்வு செய்கிற தம்பி தங்கச்சிமார் பலர் இன்னும் பென்ரைவில் கைமாறி வருகிற கிராக் எஸ்பிஎஸ்எஸ் என்கிற புள்ளிவிபர சொப்ட்வெயரைத்தான் நம்பியிருக்கிறார்கள். அது வேண்டவே வேண்டாம். களவாக எடுத்த சொப்ட்வெயரோடு வைரஸும் சேர்ந்து வரும், நாள் நெருங்குகிற நேரத்தில் திறக்கவும் மாட்டாது. முறைப்படி இலவசமாக, திறந்த மூலமாகக் கிடைக்கிறவற்றிலேயே உங்கள் வேலை முழுவதும் முடியும். எதை எடுப்பது என்பதை மட்டும் கொஞ்சம் யோசித்து முடிவெடுங்கள்.

வினாக்கொத்து வைத்து வீடு வீடாகப் போய்த் திரட்டிய தரவு, அதில் சதவீதம், கை-வர்க்கம், டி-டெஸ்ட், நேர்கோட்டு ரிக்ரெஷன், குரோன்பாக் அல்பா (வினாக்கொத்தின் நம்பகத்தன்மையைப் பார்ப்பது) இவ்வளவுதான் தேவை என்றால் பிஎஸ்பிபி போதும். எஸ்பிஎஸ்எஸ்ஸுக்கு மாற்றாக க்னூ திட்டத்தில் உருவானது, எஸ்பிஎஸ்எஸ்ஸில் சேமித்த பழைய சாவ் (.sav) பைல்களை அப்படியே திறக்கும், காலாவதித் திகதி என்று ஒன்றும் கிடையாது, பழைய லெப்டொப்பிலும் ஓடும். ஆனால் மிக்ஸ்ட் மொடல் (நிலையான விளைவுகளையும் எழுமாறான விளைவுகளையும் சேர்த்துக் கணக்கிடுவது) என்று சூப்பர்வைசர் வாய் திறந்தால் அங்கேயே நின்றுவிடும். வரைபடங்களும் சுமார்தான்.

அதனால் பெரும்பாலானவர்களுக்கு உண்மையான போட்டி மெனுவை அமத்திச் செய்கிற ஜமோவிக்கும் கட்டளை எழுதிச் செய்கிற ஆருக்கும் (R) இடையில்தான். இதில் ஒரு விசயம், ஜமோவியின் கணக்கு நடப்பதே உள்ளே இருக்கிற ஆரை வைத்துத்தான், மேலே மெனு மட்டும் வேறு. அப்படியிருந்தும் ஒரே தரவுக்கு ரெண்டும் வேறு வேறு விடை தரலாம், ஏன் என்று தெரியாமல் பிள்ளைகள் பயந்துபோகிறார்கள்.

விவசாய பீடத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கமான உதாரணமாகவே எடுப்போம். சம்மாந்துறைப் பக்கம் ஒரு வயல், நாலு நெல்லினம், நாலு புளொக் (உள்ளே ஒரே மாதிரியான நிலத் துண்டு), மொத்தம் 16 பாத்தி. பெரும்போகத்தில் வெள்ளம் வந்தோ யானை இறங்கியோ ரெண்டு பாத்தி போய்விட்டது, மிஞ்சியது 14. எல்லாப் பாத்தியும் இருந்திருந்தால் எந்த சொப்ட்வெயரிலும் ஒரே அனோவா (சராசரிகளுக்கிடையே வேறுபாடு உண்டா என்று சோதிப்பது) அட்டவணைதான் வந்திருக்கும். இப்போது வராது. ஆரின் ஏஓவி கட்டளை நீங்கள் எழுதிய வரிசையிலேயே மாறற்றிறனை (விளைச்சலில் உள்ள ஏற்ற இறக்கத்தை) பங்கிடும், அதைத்தான் டைப் 1 என்கிறார்கள். ஜமோவி, எஸ்பிஎஸ்எஸ் மாதிரியே, கேட்காமலே டைப் 3 எடுக்கும், அதாவது ஒவ்வொன்றையும் மற்றதன் பங்கைக் கழித்த பிறகு பார்க்கும். ஆரில் முதலில் புளொக், பிறகு இனம் என்று எழுதினால் இனத்துக்கான வரி ஜமோவியில் வருவதோடு ஒத்துப்போகும், முன்பின் மாற்றி எழுதினால் இனத்தின் பி வெல்யூ (வேறுபாடு தற்செயலா என்று பார்க்கிற எண்) வேறாக வரும். ரெண்டில் எதுவும் கணக்குப் பிழை இல்லை, கேட்ட கேள்விதான் வேறு. இனங்களை ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால் புளொக்கை முதலில் எழுதுங்கள்.

ஜமோவியிலும் ஒரு பொறி இருக்கிறது. இனத்தையும் புளொக்கையும் பெட்டிக்குள் இழுத்துப் போட்டவுடன் ரெண்டும் சேர்ந்த இடைத்தாக்கத்தையும் (ஒன்றின் விளைவு மற்றதைப் பொறுத்து மாறுவது) அதுவாகவே மொடலுக்குள் சேர்த்துவிடும். ஒரு புளொக்கில் ஒரு இனத்துக்கு ஒரு பாத்திதானே, அப்போது மீதிப் பிழைக்கு ஒன்றும் மிஞ்சாது, அட்டவணை வராமல் பிழைச்செய்திதான் வரும். மொடல் பகுதிக்குள் போய் அந்த இடைத்தாக்கத்தைத் தூக்கிவிட்டால் சரி. ஆரில் இதற்கு நேர்மாறான ஆபத்து, சத்தமே போடாமல் பிழையான விடையைத் தந்துவிடும்: புளொக்கை 1, 2, 3, 4 என்று பதிந்திருந்து அதை ஃபெக்டராக (வகைப் பெயராக) மாற்ற மறந்தால் அதை வெறும் எண்ணாக எடுத்துக் கணக்கிட்டுவிடும். அட்டவணையில் புளொக்கின் டிஎஃப் (சுயாதீன அளவு, புளொக் எண்ணிக்கையில் ஒன்று குறைவு) 3 என்று இருக்க வேண்டும், 1 என்று இருந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள். இந்த ஒரு பார்வையை யாரும் தவறவிடக் கூடாது.

இனங்களைச் சோடி சோடியாகப் பார்க்கிற டூக்கி ஒப்பீட்டுக்குப் பிறகு, வேறுபடாத இனங்களுக்கு ஒரே எழுத்து வருகிற மாதிரி ஏ, பி, சி என்று எழுத்துப் போட்ட அட்டவணை கேட்பார்கள், அதை ஆரில் அக்ரிகோலே என்கிற பெக்கேஜ் (ஆரோடு சேர்த்துப் போடுகிற கூடுதல் தொகுதி) நேரடியாகத் தரும். ஜமோவியில் சோடி சோடியாக வந்த பட்டியலைப் பார்த்து நீங்களேதான் எழுத்துப் போட வேண்டும்.

டேட்டா செலவும் பார்க்க வேண்டியதுதான். ஜமோவி பல நூறு எம்பி, ஆனால் ஒருதரம் இறக்கினால் பொதுவான சோதனைகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். ஆர் நூறு எம்பிக்கும் குறைவு, ஆனால் அதன்பிறகு பெக்கேஜ் ஒவ்வொன்றும் தனக்குத் தேவையான வேறு பெக்கேஜ்களையும் கூட்டிக்கொண்டு வரும், கெம்பஸ் வைஃபையிலேயே எல்லாவற்றையும் போட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தமிழில் பதிந்த விடைகளை வைத்திருப்பவர்கள் வின்டோஸில் ஆர் 4.2.0க்கு முந்தியதைத் தொடவே வேண்டாம், எழுத்துக்குப் பதிலாக யூனிகோட் எண்களைக் கொட்டும். 2022இல் வந்த அந்த வெளியீட்டிலிருந்து யுடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா எழுத்தையும் பதிகிற முறை) இயல்பாகவே வேலை செய்கிறது. வரைபடத்தில் தமிழ் ஒழுங்காக விழ ராக் பெக்கேஜைப் பயன்படுத்துங்கள். பைதன் மொழியில் வரைபடம் கீறுகிற மாட்பிளாட்லிப்பின் பல வெளியீடுகளில் நெடுங்காலமாகவே கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நிற்கிறது, நம் ஊர்ப் பெயர்களைப் போட்டு ஒரு படம் கீறினால் பார்க்கவே மனம் கேளாது. பைதன் இயந்திரக் கற்றலுக்கு அருமையானது, ஏற்கெனவே தெரிந்தவர்கள் அதன் புள்ளிவிபரத் தொகுதியான ஸ்டாட்ஸ்மொடல்ஸ் வைத்துச் செய்யலாம், அனோவாவுக்காக மட்டும் புதிதாகப் படிக்கத் தேவையில்லை.

பேசியன் முறை (முன்னறிவையும் சேர்த்து நிகழ்தகவைக் கணிப்பது) கேட்டால் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவான ஜாஸ்ப். பொருளியல் பிள்ளைகளுக்குக் காலத்தொடர்த் தரவு என்றால் கிரெட்ல்.

கட்டளை எழுதப் பயப்படுகிறவர்கள் ஜமோவியிலேயே தொடங்குங்கள், செட்டிங்கில் சின்டக்ஸ் மோடை மட்டும் போட்டுவிடுங்கள். நீங்கள் மெனுவில் அமத்துகிற ஒவ்வொன்றுக்கும் உரிய ஆர் கட்டளையை விடைக்கு மேலேயே காட்டும், அதைக் கொப்பி பண்ணி ஆரில் ஜேஎம்வி பெக்கேஜோடு ஓட்டினால் அதே அட்டவணை வரும். அந்தக் கட்டளைகளை ஒரு பைலில் சேர்த்து வையுங்கள், சூப்பர்வைசர் ரெண்டு பாத்தியை நீக்கிவிட்டுத் திரும்பச் செய் என்றால் தரவை மாற்றி அதையே மறுபடி ஓட்டலாம்.