நேச்சுரல் ஜாயினா, யூஸிங்கா, ஆன்-ஆ?

தரவுத்தளத்திடம் கொயரி, அதாவது கேள்வி, எழுதும் மொழியான எஸ்கியூஎல்லில் இரண்டு டேபிளை இணைக்க மூன்று விதமாக எழுதலாம். நேச்சுரல் ஜாயின் போட்டால் எதை வைத்து இணைப்பது என்று நாம் சொல்லவே வேண்டாம், இரண்டிலும் ஒரே பெயரில் உள்ள நெடுவரிசைகளை எல்லாம் அதுவே பிடித்துக்கொள்ளும். யூஸிங்கில் அந்தப் பெயரை மட்டும் சொல்ல வேண்டும். ஆன் என்றால் எது எதற்குச் சமம் என்று முழுதாக எழுத வேண்டும்.

எழுதுவதற்கு மிகவும் சுருக்கமானது நேச்சுரல் ஜாயின்தான், ஆனால் நாளைக்கும் ஓட வேண்டிய எந்தக் கொயரியிலும் நான் அதை விட்டுவைக்க மாட்டேன். ஆர்டர்ஸ், கஸ்டமர்ஸ் என்று இரண்டு டேபிள், பொதுவாக இருப்பது கஸ்டமர்_ஐடி மட்டும், எல்லாம் சரியாக ஓடுகிறது. அப்புறம் ஒருநாள் யாரோ இரண்டிலும் பதிவு உருவான நேரத்தைக் குறிக்கும் கிரியேட்டட்_அட் நெடுவரிசையைச் சேர்க்கிறார்கள். கொயரியில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, ஆனால் இப்போது அந்த நேரமும் ஒத்துப்போனால்தான் இணைப்பு நடக்கும், அதனால் கிட்டத்தட்ட ஒரு பதிவும் வராது, பிழைச்செய்தியும் வராது! பொதுவாக இருந்த அந்த ஒரே பெயரை ஒரு டேபிளில் மாற்றிவிட்டாலோ பெரும்பாலான தரவுத்தளங்களில் அது கிராஸ் ஜாயின் ஆகிவிடும், அதாவது ஒன்றின் ஒவ்வொரு பதிவும் மற்றதின் எல்லாப் பதிவுகளோடும் சேரும், ஆயிரத்துக்கு ஆயிரம் சேர்ந்து பத்து லட்சம் பதிவுகள் வந்து கொட்டும். யூஸிங்கில் முதல் மாற்றம் எதையும் பாதிக்காது, இரண்டாவதற்கு உடனே பிழை வரும். பெயர் ஒன்றாக இருந்தால் யூஸிங், வேறாக இருந்தால் ஆன், இதுதான் என் தேர்வு.

சுருக்கமாக எழுதுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. டக்டிபி என்ற தரவுத்தளத்தில் பதிவுகளைக் குழுக்களாகத் தொகுக்க குரூப் பை ஆல் இருக்கிறது, அதை நான் தயங்காமல் பயன்படுத்துகிறேன், ஏனென்றால் எதை வைத்துத் தொகுப்பது என்பதை அது அதே கொயரியின் செலக்ட் பகுதியிலிருந்துதான் எடுக்கிறது, படிப்பவர் கண்முன்னே எல்லாம் இருக்கிறது. நேச்சுரல் ஜாயின் எடுப்பது வேறெங்கோ, வேறு யாரோ மாற்றக்கூடிய டேபிள் அமைப்பிலிருந்து.

மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தளத்தின் பழைய பதிப்புகளில் இருந்த குரூப் பை இதைவிட மோசம். தொகுக்காத நெடுவரிசையைக் கேட்டால் அந்தக் குழுவில் ஏதோ ஒரு பதிவின் மதிப்பை எடுத்துக் கொடுத்துவிடும். 2015-ல் வந்த 5.7 பதிப்பில் இதைத் தடுக்கும் ஒன்லி_ஃபுல்_குரூப்_பை என்ற அமைப்பு இயல்பாகவே இயங்கத் தொடங்கியதும் அப்படிப்பட்ட கொயரிகள் பிழை காட்டி நின்றன. அந்த அமைப்பை அணைத்துவிட்டால் பிழை போய்விடும், தப்பான எண்கள் அப்படியே இருக்கும். எது வந்தாலும் பரவாயில்லை என்பது உண்மையாகவே உங்கள் எண்ணம் என்றால், அதே பதிப்பில் வந்த எனி_வேல்யூ என்ற ஃபங்ஷனை எழுதுங்கள், அடுத்து படிப்பவருக்கும் அது தெரியும்.