டெட் தாள் 2 நோட்ஸ்: எதை வாங்கலாம், எதை விடலாம்

நாகர்கோவில் வடசேரிப் பக்கம் ஜெராக்ஸ் கடைகளில் ஸ்பைரல் போட்டு விற்கிற மூன்று தொகுதி நோட்ஸ் இது. ஆசிரியர் தகுதித் தேர்வு தாள் 2-இல் சமூக அறிவியல் எடுப்பவர்களுக்கானது. மூன்றும் சேர்த்து 600 ரூபாய், தனித்தனியாகவும் தருகிறார்கள்.

150 மதிப்பெண்ணில் குழந்தை மேம்பாடும் கற்பித்தல் முறைகளும் 30, சமூக அறிவியல் 60. முதல் தொகுதி அந்த 30-க்கானது. பியாஜே சொன்ன அறிவு வளர்ச்சியின் நான்கு நிலைகள் வயதோடு (0-2, 2-7, 7-11, அதற்கு மேல்) ஒரே பக்கத்தில் தெளிவாக இருக்கின்றன. சறுக்கல், நடத்தையியல் உளவியலாளர் ஸ்கின்னரில். வீட்டுப்பாடம் செய்யாதவனை முட்டி போடச் சொல்வதை 'எதிர்மறை வலுவூட்டல்' என்று போட்டிருக்கிறார்கள். அது தண்டனை. வலுவூட்டல் எந்த வகையானாலும் நடத்தையைக் கூட்டும், தண்டனை குறைக்கும். வகுப்பில் சரியாகப் பதில் சொன்னவர்களுக்கு அன்று வீட்டுப்பாடம் கிடையாது என்றால், பிடிக்காத ஒன்றை நீக்கிப் பதில் சொல்லும் பழக்கத்தை வளர்க்கிறோம். எதிர்மறை வலுவூட்டல் அதுதான். தேர்வில் கேட்பதும் இந்த வேறுபாட்டைத்தான்.

நுண்ணறிவு ஈவு (IQ) கணக்கிலும் கோளாறு. சூத்திரம் சரி: மன வயது ÷ கால வயது × 100. மன வயது 9, கால வயது 7 ஆண்டு 6 மாதம் என்ற கணக்கில் 7.6 என்று எழுதி 118 என்று விடை தந்திருக்கிறார்கள். 6 மாதம் என்பது அரை ஆண்டு, .6 அல்ல. எல்லாவற்றையும் மாதமாக்கினால் சிக்கலே இல்லை: 108 ÷ 90 × 100 = 120.

இரண்டாம் தொகுதி குடிமையியல். இதை எழுதியவர் விஷயம் தெரிந்தவர். அரசமைப்புச் சட்டத்தில் ஊராட்சிகளுக்கு 73-ஆவது திருத்தம், நகர்ப்புற அமைப்புகளுக்கு 74-ஆவது என்று பிரித்ததோடு நிற்காமல், நம் கன்னியாகுமரி மாவட்டத்தையே பாடமாக்கியிருக்கிறார். வட்டங்கள் 6, ஊராட்சி ஒன்றியங்கள் 9; முன்னது வருவாய்த்துறைப் பிரிவு, பின்னது ஊரக வளர்ச்சித்துறையுடையது, ஆகவே இரண்டின் எல்லைகளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. திருவட்டாரும் கிள்ளியூரும் வட்டமாகவும் இருக்கின்றன, ஒன்றியமாகவும் இருக்கின்றன என்பதால் மாணவர்கள் குழம்பும் இடம் இது.

அதைவிட அருமை, 290A பிரிவு. 1956 நவம்பர் 1-இல் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து இங்கே சேர்ந்த பகுதியின் கோயில்களுக்காக, ஆண்டுதோறும் 13.5 லட்சம் ரூபாய் தமிழ்நாட்டின் தொகுப்பு நிதியிலிருந்து (அரசின் முதன்மைக் கருவூலக் கணக்கு) தர வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். இத்தகைய செலவைச் சட்டமன்றம் விவாதிக்கலாம், வாக்கெடுப்புக்கு விட முடியாது. தொகுப்பு நிதி என்றாலே கொட்டாவி விடுகிற பிள்ளைக்கும் சுசீந்திரத்தைச் சொல்லி ஆரம்பித்தால் புரிந்துவிடும். ஒரு திருத்தம் மட்டும் பேனாவால் செய்துகொள்ளுங்கள்: நாகர்கோவில் 2019 முதல் மாநகராட்சி, இதில் இன்னும் நகராட்சி.

மூன்றாம் தொகுதி வரலாறு, புவியியல். பள்ளிப் பாடநூலைச் சுருக்கியதுதான். பாடநூலோ இணையத்தில் இலவசம். பெண்கள் மேலாடை அணியும் உரிமைக்காக நடந்த தோள்சீலைப் போராட்டத்துக்கு நான்கே வரி. எழுத்துரு மாற்றியதில் 'ஸ்ரீ' வருகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக நிற்கிறது.

இரண்டாம் தொகுதி மட்டும் கேட்டால் 220 ரூபாய். முதல் தொகுதி ஏற்கெனவே கையில் இருந்தால், வலுவூட்டல் பக்கத்தையும் நுண்ணறிவு ஈவுக் கணக்கின் விடையையும் திருத்திவிட்டுப் படியுங்கள்.